ட்ரையல் ரூம் கொக்கி

மதுரையில் விற்கிற அத்தனை பிராண்டு சட்டைகளையும் போட்டுப் பார்த்த பிள்ளைகள் இரண்டே பேர்தான். அந்த இரண்டையும் பெற்றுவிட்டு, ஒரு பிராண்டு சட்டைகூட வாங்காமல் தப்பித்த தகப்பனும் உலகத்தில் ஒருவர்தான். அந்த மகான் கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் சில வருடங்கள் குடியிருந்தார். அவர் ஒரு பைசா செலவழிக்காததால் என் வீட்டு பட்ஜெட் குட்டிச்சுவரானது. எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

பிற்பாடு தெருவில் அவருக்கு விழுந்த பெயர் 'ட்ரையல்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார். சிம்மக்கல்லில் பைப் மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிற வேலை. மகள் அப்போது பத்தாவது, மகன் ஐந்தாவது. மனைவி சிக்கனத்தில் அவருக்கே பாடம் எடுக்கக்கூடியவர். தேங்காய் உடைத்த தண்ணீரில்கூட ஏதோ செய்துவிடுவார்.

ஞாயிறு சாயங்காலம் ஆனால் போதும், அவர் ஸ்டேட்டஸில் படங்கள் வரிசையாக வந்து விழும். மகள் ஜீன்ஸில், மகன் நெஞ்சில் குட்டிப் படம் போட்ட டீ ஷர்ட்டில், மகள் இன்னொரு ஜீன்ஸில், மகன் தொப்பி வைத்த ஜெர்க்கினில். மதுரை வெயிலில் ஜெர்க்கின்! என் மனைவி போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"கீழ் வீட்டு அண்ணனப் பாருங்க. பில்லு போடுற சம்பளத்துலயே பிள்ளைகள எப்புடி வச்சிருக்காரு! நீங்களும் இருக்கீகளே, ஹெட் கிளார்க்கு."

என் மகன் தன் பங்குக்கு உண்ணாவிரதம் அறிவித்தான். நெஞ்சில் குட்டிப் படம் இல்லாத சட்டையை இனிமேல் போட மாட்டானாம். அந்தப் படத்துக்கா இம்புட்டு விலை, நெஞ்சில் பச்சை குத்தினால்கூட மலிவாக முடியுமே என்று நான் சொன்னது எடுபடவில்லை. வாங்கினேன். அதன் பிறகு அவனுக்குப் பேண்ட், அவளுக்குச் செருப்பு என்று வாங்கிக்கொண்டே இருந்தேன். கடைப் பைகள் கட்டிலுக்கு அடியில் குவிந்தன.

ஒருநாள் பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருந்தபோது, பல்வலியை மறக்க அவர் ஸ்டேட்டஸைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நீலச் சட்டைக்குப் பின்னால் சுவரில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அடுத்த படத்தில் மஞ்சள் டீ ஷர்ட். பின்னால் அதே கொக்கி, அதே பச்சைக் கட்டம். ஜெர்க்கினுக்குப் பின்னாலும் அதேதான். வீட்டுக்கு வந்தால், தெருவில் அவர் பையன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறான். உடம்பில் பச்சைக் கட்டம்!

அப்படியே கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஏம்ப்பா, இதெல்லாம் ட்ரையல் ரூம்ல எடுத்த போட்டோவா?"

மனுஷன் வெட்கப்படுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துபோனது.

"கண்டுபிடிச்சிட்டீகளா? உக்காருங்கண்ணே. ஒண்ணு கேக்குறேன். புதுச்சட்டை போட்டா சந்தோசம் எம்புட்டு நேரம் இருக்கும்? கண்ணாடி பாத்து முடிக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் பூரா கவலைதான. கறை பட்டுருமோ, சாயம் போயிருமோன்னு. நான் சந்தோசத்த மட்டும் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு, கவலைய கடையிலேயே விட்டுட்டு வாரேன்."

"அப்ப ஸ்டேட்டஸ்ல ஏன்யா போடுற?"

"போட்டோ எடுத்தோம், வச்சோம். வாங்குனோம்னு எங்கயாவது சொன்னமா? நீங்களா நினைச்சுக்கிட்டா நான் என்னண்ணே செய்ய?"

நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். என் பால் காசு, பேப்பர் காசு எல்லாம் சேர்ந்து நினைத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அந்தத் திருக்காட்சியைக் காண நானும் கூடப் போனேன். பைபாஸ் ரோட்டில் பெரிய ஷோரூம். பிள்ளைகள் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டாகிவிட்டது. ஷோரூமில் பசி வரக்கூடாது, வந்தால் பக்கத்துக் கடை ஐஸ்கிரீமில் போய் முடியும். பட்டன் சுலபமாகக் கழல்கிற சட்டை, உதறினால் கழலும் செருப்பு. உள்ளே போனதும் ஆளுக்கு இரண்டு உருப்படி எடுப்பார்கள். போடுவார்கள், கண்ணாடி பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கழற்றுவார்கள். தகப்பனார் வெளியே காவல் நிற்பார். கொக்கியில் இடம் போதாத பழைய துணிகள் அவர் கையில் மடித்துக் கிடக்கும். அவர் ஒருநாளும் உள்ளே போய் எதையும் போட்டுப் பார்த்ததில்லை. கேட்டால், "நான் வளர்ற பிள்ளையாண்ணே?" என்பார்.

கழற்றிய துணியை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு வரும் ஜாதி இல்லை அவர்கள். காலரை நிமிர்த்தி, கையை உள்ளே மடித்து, கிளிப்பைத் திரும்பக் குத்தி, எடுத்த தட்டிலேயே எடுத்தபடி வைப்பார்கள். விற்பனைப் பையன்களே அந்த மடிப்பை நின்று பார்ப்பார்கள். நான் நிற்கும்போதே ஒரு தம்பதி வந்து, "அண்ணே, இதுல எக்ஸ்எல் இருக்கா?" என்று இவரிடம் கேட்டது. இவர் கூசாமல் எடுத்துக் கொடுத்து, "உங்க நிறத்துக்கு அது வேண்டாம்மா, இந்தக் கலர எடுங்க" என்று கூடுதலாக இரண்டு விற்றுவிட்டு வந்தார். சூப்பர்வைசர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, தீபாவளி சீசனுக்கு மட்டுமாவது நம்ம கடையில வந்து நில்லுங்களேன்."

"பாத்தீகளா? நம்ம யாருக்கும் கடன் வைக்கிறதில்ல" என்றார் என்னிடம்.

பிள்ளைகள் நிஜமாக உடுத்துவதெல்லாம் விளக்குத்தூண் பக்கம் எடுத்த பிட்டுத் துணியில், ஆரப்பாளையத்து டெய்லர் தைத்தது. துவைக்கத் துவைக்க உழைக்கும். மிச்சமாகும் காசு மகளை ப்ளஸ் ஒன் சேர்க்க என்று பேங்கில் கிடந்தது. எல்லாம் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது.

ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நடந்தது. தவளைக்கு வாய் மட்டும்தான். இவருக்கு ஸ்டேட்டஸும் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். மேலே எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"அண்ணே, தர்ஷனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். தாய்மாமன் தட்டுல உடுப்பு பிராண்டா வச்சிருங்க. இங்க எல்லாரும் உங்க ஸ்டேட்டஸத்தான் பாக்குறாக. 'பெத்த பிள்ளைகளுக்கு வாரா வாரம் எடுக்குறாரு, மருமகனுக்கு என்ன எடுக்குறாருன்னு பாப்போம்'னு எங்க மாமியா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. என் மானத்தக் காப்பாத்துங்கண்ணே."

எங்கள் பக்கத்துக் காதுகுத்தில் தாய்மாமன் என்ன கொண்டுவந்தார் என்பதை மைக்கில் சொல்வார்கள். தட்டு இளைத்திருந்தால் அதை அந்தத் தங்கச்சி ஆயுசுக்கும் மாமியார் வாயால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தட்டை நிறைத்தால் மகளின் ப்ளஸ் ஒன் காசில் கை வைக்க வேண்டும். ட்ரையல் அன்றைக்கு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

மறுநாள் மாடி ஏறி வந்தார்.

"அண்ணே, உங்க வீட்டுல காலிப் பை இருக்குமா? கடைப் பேரு போட்டது."

என் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டாள். "எடுத்துக்கங்கண்ணே. எல்லாம் உங்க புண்ணியத்துல வந்ததுதான்."

டெய்லர் தைத்ததைப் பிராண்டு பையில் போட்டுத் தட்டில் வைப்பதாகத் திட்டம். அவர் பை பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே மகள் படியேறி வந்து, கையிலிருந்ததைப் பிடுங்கித் திரும்ப வைத்தாள்.

"இது வேண்டாம்ப்பா. நம்ம போட்டோவுல எதுவும் பொய் இல்ல. போட்டோம், எடுத்தோம், அம்புட்டுத்தான். இது பொய்."

"அத்தை மானம் போயிரும்டி."

"தர்ஷனக் கடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. போட்டு போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பிருவோம். அத்தையே ஸ்டேட்டஸ் வச்சுக்கிரட்டும். தட்டுல தைச்சத வைப்போம்."

தகப்பன் மகளைப் பார்த்த பார்வையில் ஆனந்தம் தாண்டவமாடியது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்!

அந்த ஞாயிறு தங்கச்சி பையனோடு வந்து இறங்கினாள். கடைக்கு நானும் கூடப் போனேன். தர்ஷனுக்கு அஞ்சு வயது. ட்ரையல் ரூமுக்குள் போனான், ராஜாவாட்டம் வெளியே வந்தான், படம் எடுத்தாகிவிட்டது. "சரிடா தங்கம், கழட்டு" என்றார் மாமன்.

"மாட்டேன்."

"அடுத்தது போடணும்ல?"

"இதேதான் எனக்கு. கழட்ட மாட்டேன்!"

ட்ரையல் ரூம் கொக்கியைப் பிடித்துத் தொங்கினான். அவன் போட்ட கூச்சலில் பெண்கள் செக்ஷனிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தங்கச்சி கெஞ்சினாள். ட்ரையல் மகன் "டேய், மடிக்கச் சொல்லித் தாரேன்டா" என்று ஆசை காட்டினான். தர்ஷன் எல்லார் காலுக்கும் இடையில் புகுந்து, சட்டையில் விலை டேக் ஆடிக்கொண்டிருக்க, வாசலைப் பார்த்து ஓடினான். வாசலில் இருந்த மெஷின் 'கீ கீ' என்று கத்தியது. செக்யூரிட்டி பாய்ந்து பிடித்தார். பிடித்த கையைக் கடித்தான்.

கடை மொத்தமும் இவரைத்தான் பார்த்தது. ட்ரையல் மருமகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கடையில் அவர் காலே படாத ஒரு இடத்துக்கு நடந்தார். பில் கவுண்டருக்கு!

விற்பனைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசர் கேஷியரிடம், "நம்ம ஆளுப்பா. ஸ்டாஃப் டிஸ்கவுண்டு போடு" என்றார். குறைத்த பிறகும் பில்லைப் பார்த்துவிட்டு ட்ரையல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தினமும் பில் போடுகிற மனுஷன், ஒரு பில்லை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

காதுகுத்துக்கு நாங்களும் போயிருந்தோம். மைக் பிடித்தவர் அடித்தொண்டையில், "தாய்மாமன் சீர்! மருமகனுக்கு பிராண்டு சட்டை!" என்று மண்டபம் அதிரச் சொன்னார். மாமியார்க்காரி வந்து தர்ஷன் நெஞ்சிலிருந்த குட்டிப் படத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் திருப்திப்பட்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். சந்தனம், கண்ணீர், மூக்குச்சளி எல்லாம் சட்டையில் இறங்கின. "கசகசங்குது" என்று தர்ஷனே அதைக் கழற்றி வீசிவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு மாமன் மடியிலேயே தூங்கிப்போனான்.

இனி நம்மாள் தன் தத்துவத்தை எடுத்துவிடுவார், 'பாத்தீகளாண்ணே, கண்ணாடி பாக்குற வரைக்கும்தான்' என்பார் என்று காத்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில்தான் பேசினார். முன் சீட்டில் அவர் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அன்னிக்குக் கடையில சின்னப்பய அழுதான்ல?"

"அழுகையா அது? மானம் போச்சுய்யா."

"எம் பிள்ளைக ஒரு நாளும் அப்படி அழுததில்லண்ணே. ஒருக்காகூட கழட்ட மாட்டேன்னு சொன்னதில்ல."

"நல்ல பிள்ளைகப்பா. அப்படி வளத்திருக்க."

"நானும் அப்படித்தான் பெருமையா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "இப்ப அதுதாண்ணே தொண்டையில நிக்குது."

டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஷோரூம் வாசலில் பிள்ளைகளை நிறுத்தி, "இன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு. எடுக்குறோம், வாங்குறோம், போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போறோம். விலையப் பாக்காதீக" என்றார்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போனார்கள், போட்டார்கள், வந்தார்கள். கையில் துணி கச்சிதமாக மடித்திருந்தது.

"தோள்பட்டை சரியில்லப்பா" என்றாள் மகள்.

"குத்துதுப்பா" என்றான் மகன்.

"நல்லாத்தானடா இருந்துச்சு? வேற எடுங்க."

அதுவும் குத்தியது. அதற்கடுத்ததும் குத்தியது. அந்தக் கடையில் பருத்தியே கிடையாது, எல்லாம் கருவேல முள்ளில்தான் நெய்திருக்கிறார்கள் என்று நினைக்கும்படி, எடுத்ததெல்லாம் குத்தியது. ட்ரையல் பாவமாக என்னைப் பார்த்தார். அப்போது மகள் போய் ஒரு மெரூன் கலர் முழுக்கைச் சட்டையை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

"நீங்க போட்டுப் பாருங்கப்பா."

"எனக்கெதுக்குத்தா?"

"போடுங்கப்பா, சும்மாதான?" என்று மகன் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினான்.

கதவு சாத்திக்கொண்டது. சிறிது நேரத்தில் அவருடைய பழைய வெள்ளைச் சட்டை கதவுக்கு மேலாக வெளியே வந்தது. கொக்கி இருப்பதைக்கூட மறந்துவிட்டார் போல. மகள் அதை வாங்கி, காலரை நிமிர்த்தி, மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து சத்தமே இல்லை. மகன் பொறுக்காமல் கதவைத் தட்டினான்.

"அப்பா, முடிஞ்சிருச்சா?"

"இருடா," என்றது குரல், "கண்ணாடி பாத்துக்கிட்டு இருக்கேன்."

வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நாங்கள் மூன்று பேரும் கதவை மறித்துக்கொண்டு நின்றோம். பார்க்கட்டும், பாவம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு.