பாலத்தின் சரித்திரத்தில் விட்டுப்போன பசு

கரமனை,
வெள்ளிக்கிழமை.

பாலம் திறப்பு மலரின் ஆசிரியரும் என் மனைவியின் தமையனாருமான ஸ்ரீ சேஷன் அவர்களுக்கு,

இவ்விடம் யாவரும் சௌக்கியம். எதிர்வீடு ஆனபடியால் அவ்விடத்து சௌக்கியம் ஜன்னல் வழியே தினமும் தெரிகிறது. விசாரிக்கத் தேவையில்லை.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உங்கள் பெண் மாளவிகா கல்யாணத்தில் பாலடைப் பிரதமன் பாயசம் எனக்கு முந்தின இலையோடு தீர்ந்துபோனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவன் எதிர்வீட்டில் இருக்க, பாலத்தின் சரித்திரத்தை எழுத இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆன நீங்களே உட்கார்ந்தீர்கள். அப்போதும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, விளம்பரங்களில் எழுத்துப்பிழை பார்ப்பது. பார்த்தேன். நேற்று மலர் கைக்கு வந்தது. ஆற்றுப் பாலத்தை முதன்முதலில் கடந்தவர் உங்கள் கொள்ளுத்தாத்தா அனந்து வாத்தியார் என்று போட்டிருக்கிறீர்கள். பழுதுபார்த்த பாலத்தை ஞாயிற்றுக்கிழமை திறக்கும்போது ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கப்போவது அவர் வம்சமாம், அதாவது நீங்களாம். இதற்கும் பேசாமல் இருந்தால் என் கொள்ளுத்தாத்தா சுப்புணி சொப்பனத்தில் வந்து கேட்பார்.

எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சொல்லிவருவது இது. அதுவரை எல்லோரும் வள்ளத்தில் ஆற்றைக் கடந்தவர்கள். கருங்கல் பாலம் கட்டி முடிந்ததும் திறந்துவைக்க சர்க்கார் அதிகாரி குதிரைவண்டியில் வந்து நிற்கிறார். அக்ரஹாரத்து ஜனங்களோ, புதுவீட்டைப் போலப் புதுப்பாலத்திலும் பசுதான் முதலில் கால் வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பசுவைக் கொண்டுவந்தது யார்? சுப்புணி. கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தது யார்? சுப்புணி. உங்கள் வாத்தியார், பாலம் இடிந்தால் பசுவாவது கரைசேர்க்கட்டும் என்று வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார், ஏதோ யமலோகத்து வைதரணி ஆற்றையே கடக்கிற மாதிரி!

இன்னும் கேளுங்கோ, எங்காத்துல சொல்ற மாதிரியே சொல்றேன். கன்னுக்குட்டியைக் கூட்டிண்டு வர எல்லாரும் மறந்துட்டா. நடுப்பாலத்துல போறச்சே இக்கரைத் தொழுவத்துலேர்ந்து கன்னு ஒரு கத்து கத்தித்து. பசு சட்டுனு திரும்பித்து பாருங்கோ, வாலைப் பிடிச்ச வாத்தியார் ஒரு சுத்து சுத்திக் கைப்பிடிச் சுவர்ல போய் உட்கார்ந்துட்டார். கயித்தைப் பிடிச்ச சுப்புணி வந்த வழியே ஓட்டம். அதைப் பார்த்து மிரண்ட குதிரை, அதிகாரியையும் இழுத்துண்டு ஓடித் தொழுவத்து வாசல்லதான் நின்னுது. அப்புறம் கன்னைக் கொண்டுவந்து விட்டு, அது முன்னால துள்ளிண்டு ஓடினப்புறம்தான் எல்லாரும் அக்கரை சேர்ந்தா.

இதை நாகலக்ஷ்மியிடம் சொன்னேன். "ஏன்னா, அப்போ முதல்ல அக்கரை சேர்ந்தது துள்ளிண்டு ஓடின கன்னுக்குட்டிதானே? அதோட வம்சத்தையாக்கும் ஊர்வலத்துக்குக் கூப்பிடணும்" என்றாள். உங்கள் தங்கை அல்லவா.

அவள் கேலியாகச் சொன்னதை நான் காரியமாக எடுத்துக்கொண்டேன். அக்கரையில் பால் கறந்து விற்கும் கோமதியம்மாளிடம் பசுவும் கன்றும் கேட்டேன். "ரெண்டும் வரும் சார். வாலை மட்டும் யாரும் தொடப்பிடாது, எத்திரும்" என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கயிறு என் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் முன்னால் நடந்தால் நான் வீட்டை விட்டே வெளியே வரமாட்டேன்.

குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். மன்னிக்கு நமஸ்காரம். நேற்று அவர் கொடுத்தனுப்பிய மாம்பழப் புளிசேரி சாதத்துக்கு அமிர்தம். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

பி.கு.: கவரை ஒட்டப்போகும் சமயத்தில் நாகலக்ஷ்மி உங்கள் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "அண்ணாவுக்கு மாடுன்னாலே பயமாக்கும். பசு வரதுன்னதும், 'உன் ஆத்துக்காரரே முன்னால போகட்டும், நான் குடையைப் பிடிச்சுண்டு ஓரமா வரேன்'னுட்டான். மன்னி அன்னிக்குப் பாலடை வைக்கப்போறா. முதல் டம்ளர் உங்களுக்காம்" என்றாள். எனக்கு இனி ஒரு குறையும் இல்லை. ஆனால் இவ்வளவு நன்றாக எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. எந்தப் படுபாவி எழுதினான் என்று கேட்டு நீங்கள் என்னிடம்தான் ஓடி வருவீர்கள், இரண்டு பேருமாக உட்கார்ந்து அவனைத் திட்டலாம் என்பதால், கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.