படிக்காத ஆள் தேவை

படித்த ஆள் வேண்டும் என்று தேடுகிறவர்களை எங்கும் பார்க்கலாம். படிக்காத ஆள் வேண்டும் என்று கதவு கதவாகத் தட்டி, கிடைக்கவில்லை என்று கோபப்பட்டவள் இந்த உலகத்திலேயே எங்கள் கமா ஒருத்திதான்.

கமா என்பது அவள் பெயர் இல்லை. வானகரத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மாவின் மகள். பிறந்ததிலிருந்து கண் தெரியாது. பத்தாம் வகுப்பிலிருந்தே பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுவார். சொல்லும்போது கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டுமாம். அது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஷேர் ஆட்டோக்காரரிடம், "கரையான்சாவடி கமா மார்க்கெட்டாண்ட எறங்கணும் ஃபுல்ஸ்டாப்" என்பாள். அம்மாவோடு சண்டை வந்தால் ஆச்சரியக்குறிகூட வரும். வாட்ச்மேன்தான் அந்தப் பெயரை வைத்தார். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. "ஃபுல்ஸ்டாப்புன்னு வெக்காம உட்டாரே" என்றாள்.

பி.ஏ. சரித்திரத்தில் அவளுக்கு ஒரே ஒரு பேப்பர் பாக்கி. அது போனதும் அவளால் இல்லை. போன முறை எழுத வந்த ப்ளஸ் டூ பெண், கமா சொன்னதில் பாதியை, "இதெல்லாம் தேவையில்லக்கா" என்று தானாகவே வெட்டிவிட்டாளாம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, போனில் பேசுகிற வேலைக்கு இவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் டிகிரி கைக்கு வரவேண்டும். இந்த முறையும் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ.

எழுத வருகிறவரை ஸ்க்ரைப் என்கிறார்கள். அவர் பரீட்சை கொடுக்கிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் தனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுவாரே. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதே சமயத்தில் அவர்கள் பரீட்சை. இஸ்திரி அம்மாவோ கைநாட்டு. ஆகவே கமா எங்கள் அடுக்குமாடிக்குள் நுழைந்தாள்.

உள்ளே யார் இருக்கிறார்கள்? மதுரை, சேலம், திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்த இன்ஜினீயர்கள். கதவை இரண்டு விரற்கடை திறப்பார்கள். இவள் எடுத்த எடுப்பில், "இன்னா படிச்சிகீறீங்க?" என்பாள். பி.இ. என்று பதில் வரும். "அய்யே" என்று அடுத்த கதவுக்குப் போவாள். எம்.டெக். என்று ஒருவர் பெருமையாகச் சொன்னபோது, துக்கம் விசாரிக்கிற குரலில், "பரவால்ல சார், உடுங்க" என்றாளாம். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். என் மருமகள் வாசலிலேயே, "எங்க அத்தை அந்தக் காலத்து பி.ஏ." என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அடுக்குமாடிப் பெண்களிடம் அவள் சொல்லிவைத்திருந்தது அதுதான். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். காலையில் மகனும் மருமகளும் கிளம்பிப் போனால், இருட்டும்வரை அந்த வீட்டில் என் குரலை நானே கேட்க மாட்டேன். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டுக் குக்கர் விசிலை வைத்துத்தான் தெரியும்.

அந்த வாரம் துணி கொடுக்க இஸ்திரி வண்டிக்குப் போனேன். கமா வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, "யாரும்மா அது? மூச்சு வருது, பேச்சு வர்ல" என்றாள். மூன்றாவது மாடி அம்மா என்று அவள் தாய் சொன்னார். பி.ஏ. வீட்டு ஆளா என்று கமா சலித்துக்கொண்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, இல்லையம்மா, அஞ்சாவது என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாது? சத்தமா சொல்லு பெரிம்மா."

வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடுகிறவர், துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அஞ்சாங்கிளாஸ்" என்றேன்.

கமா கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "தங்கம் மாரி ஆள மேல வெச்சிகினு, பி.ஏ.ன்னு சொல்லி அனுப்சிட்டாங்களே" என்று என் கையைப் பிடித்தாள். ஐந்தாவதோடு நின்றதற்காக என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

மதியங்களில் பழகுவதற்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். முதல் நாள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். "வரி கமா வசூல் கமா விவசாயிகள் கமா" என்று படித்தேன்.

"பெரிம்மா, கமான்னா கமான்னே எழுதிக்கீறியா?"

"நீதானம்மா சொன்னத அப்படியே எழுதணும்னு சொன்னே."

சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். இதுதான் வேண்டும், எதையும் வெட்டாத ஆள்தான் வேண்டும் என்றாள். வேகம்தான் போதவில்லை. "பஸ்ஸு பூந்தமல்லி பூட்ச்சி, நீ இன்னும் ஸ்டாப்லயே நின்னுகினு கீறே" என்பாள்.

வெள்ளைக்காரர் காலத்து நிலவரி மூன்று வகையாம். ஜமீன்தாரி, ரயத்துவாரி, மகல்வாரி. மூன்றாவதை நான் மகள்வாரி என்று எழுதினேன். பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போட்ட வரி போலிருக்கிறது, என்ன அநியாயம் என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியபோதுதான் அகப்பட்டது. எந்த ல என்று அவளைக் கேட்டும் பயனில்லை. அவள் நாக்கில் எல்லாம் ஒரே ல. கடைசியில், "தாஜ்மகால் ல பெரிம்மா" என்று தீர்த்துவைத்தாள்.

ஒருநாள் மோர் குடித்துக்கொண்டே சொன்னாள், எனக்கு எழுத வர்றவங்க எல்லாம் மூணு மணி நேரத்துக்கு என் ஃப்ரெண்டு பெரிம்மா, அப்பால போன் பண்ணா எடுக்க மாட்டாங்க என்று. வெயில் கொளுத்துகிறது என்பதுபோல்தான் சொன்னாள். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

பிறகு பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அனுமதி வாங்கப் போனோம். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனது தப்பாகிவிட்டது. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். நான் படித்த பள்ளிக்கூடமே இப்போது இல்லை. கமா முன்னால் வந்தாள்.

"சார் கமா படிச்சதுக்குத்தான் சர்ட்டிபிகேட் தருவாங்க ஃபுல்ஸ்டாப் படிக்காததுக்கு யாரு சார் தருவா கொஸ்டின் மார்க்."

இதை யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார். அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் அறிவிப்பைக் காட்டிப் படிக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து விழித்தேன். நடிக்கவும் செய்யலாம் என்று அவர் முகம் சொன்னது. சரி, உறுதிமொழி எழுதித் தருகிறோம், இவர் கையெழுத்துப் போடட்டும் என்றாள் கமா. போட்டேன். என் பெயரை முடிப்பதற்குள் அவர் ஒரு போன் பேசி முடித்து, கண்ணாடியையும் துடைத்துக்கொண்டார்.

"போதும்மா, நம்பறேன்" என்றார். உடனே அவருக்கு எதிர்க்கவலை வந்துவிட்டது. இந்த வேகத்தில் பரீட்சை முடியுமா என்று கமாவைக் கேட்டு, கூடுதல் நேரத்துக்கான அனுமதியையும் அவரே எழுதிச் சேர்த்தார்.

பரீட்சைக்கு எங்களுக்குத் தனி அறை. நாங்கள் இரண்டு பேர், கண்காணிக்க ஒரு சார். கமா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என் பேனாவின் கீறல் சத்தம் நின்ற பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அழகாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெரிய கேள்வி நிலவரி.

"மூன்று வகை கமா ஜமீன்தாரி கமா ரயத்துவாரி கமா..."

நின்றுவிட்டாள். விரலால் மேசையைத் தட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். கேள்வியே அந்த மூன்றைப் பற்றித்தான். மூன்றில் ஒன்று போனால் மதிப்பெண் எவ்வளவு போகுமோ, கோயம்புத்தூர் போய்விடுமோ.

எனக்குத் தெரியும். எந்த ல என்பதுகூடத் தெரியும். வாய் திறக்கவில்லை. மூச்சை மட்டும் இழுத்தேன். கண்காணிக்கிற சாருக்குக் கேட்டிருக்காது. கமாவுக்குக் கேட்டது.

"வேணாம் பெரிம்மா" என்றாள் மெல்ல. "உனக்கு ஒண்ணும் தெரியாது. மூன்றாவது வகை எனக்கு நினைவில்லை ஃபுல்ஸ்டாப். எழுது."

எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் கோணலாகப் போயிற்று.

தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, முதல் படியில் கால் வைத்ததும், "மகல்வாரி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, உனக்குத் தெரியும்தானே என்று கேட்டாள். தெரியும் என்றேன். "நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரையும் வெளிய தொரத்தியிருப்பாங்க. என்னிய தொரத்தட்டும், பழகிச்சி. உன்னிய ஒருத்தன் வெளிய போன்னு சொல்லி நான் கேக்க முடியாது பெரிம்மா" என்றாள்.

முடிவு வந்த அன்று அவள் அம்மா இஸ்திரி வண்டிக்குக் கற்பூரம் காட்டினார். தேறிவிட்டாள். எம்.டெக். சார்கூடக் கீழே இறங்கி வந்து கை கொடுத்தார். என் மருமகள் எல்லோரிடமும், எங்க அத்தைதான் எழுதினாங்க என்றாள். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் சேர வேண்டும் என்று கமா பெட்டி கட்டப் போய்விட்டாள்.

எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு மேலே வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மதியம் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு யாருமே நினைக்கக் கூடாத ஒன்றை அப்போது நினைத்தேன். இன்னும் ஒரே ஒரு பேப்பர் பாக்கி இருந்திருக்கக் கூடாதா?