மச்சானைத் தொடாத மேஸ்திரி

மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினைக் கழற்றி மாட்டுவார்கள். எஞ்சினுக்கு ரேஷன் கார்டு எழுதித் தரும் அளவுக்கு அதன் குடும்பத்தை அறிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்: திருவண்ணாமலை செங்கம் சாலையில் கொட்டகை போட்டிருந்த சம்பந்தி மேஸ்திரி. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசி. நான் எம்.ஏ. முடித்துவிட்டு அப்பாவின் ஒரே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பழைய லாரிகளின் உறுப்புகளைச் சேர்த்து மேஸ்திரி கட்டிய வண்டி அது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பாகங்களை ஒருநாள் எனக்கு அறிமுகப்படுத்தினார்.

"காத்த உறிஞ்சினே இருக்குதே பம்பு, இது மாமியாரு. எவ்ளோ உறிஞ்சினாலும் போதாது. இந்த டாங்கு மாமனாரு. மாமியார் பண்றத எல்லாம் உள்ளயே வச்சினு கம்முனு கிடப்பாரு. நடுவுல இந்த வால்வு, வீட்டோட மாப்பிள்ள. ஒரு பக்கந்தான் வழி. திரும்பிப் போற பேச்சே இல்ல."

"அந்த உருண்டை டப்பா?"

"பூஸ்டரு. அதான் சார் மச்சான்! நீங்க கால லேசா வச்சா போதும், மீதி பாரத்த அவன் தாங்குவான்."

இந்தப் பாடத்தை நம்பி, வேலூர் ஸ்பேர்ஸ் கடையில் "வீட்டோட மாப்பிள்ளை ஒண்ணு வேணும்" என்று கேட்டவன் நான். கடைக்காரர் கல்யாணத் தரகர் வீட்டுக்கு வழி சொன்னார்.

ஒரு வருஷம், எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு லாரியைக் காட்டுவதற்கு முந்தின நாள், பிரேக் கல்லாக இறுகிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் மிதித்துப் பார்த்தால் சான்று தரமாட்டார், வண்டி ஓடாமல் நின்றுவிடும். வண்டி நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். மேஸ்திரி எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, கசிவைத் தேடி ஊதுவத்தியைக் குழாய் நெடுகக் காட்டிக்கொண்டே வந்தார். பூஸ்டரருகே புகை சுருண்டு உள்ளே போயிற்று. வெளியே வந்தார்.

"மச்சான் உள்ள கிழிஞ்சிட்டான். நான் தொட மாட்டேன்."

"ஏங்க?"

"போன வாரம் அவன் புள்ளைக்குக் காதுகுத்து. பந்தியில எல்லாரையும் இன்னும் ரெண்டு வடை வைக்கட்டானு கேட்டான். என் எலைய மட்டும் தாண்டிப் போயிட்டான் சார்! அவங்கூடப் பொறந்தவளக் கட்டினவன் நானு!"

"அது வேங்கிக்கால்ல இருக்கிற மச்சான். இது இரும்புங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வேறொரு மெக்கானிக்கை அழைத்துவந்தேன். குனிந்து பார்த்தவர், "இந்த வண்டியப் பெத்தவரயே கூப்பிடுங்க சார்" என்று போய்விட்டார்.

சைக்கிளை வேங்கிக்காலுக்கு மிதித்தேன். மச்சான் களத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். "மேஸ்திரிக்கு உங்க நெனப்புல சோறே எறங்கலைங்க" என்றேன். அன்று மதியம் மேஸ்திரி என் எதிரில்தான் மூன்றாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். திரும்பி வந்து மேஸ்திரியிடம், "உங்க மச்சான் அழுதுட்டாருங்க" என்றேன். மச்சான் கண்ணைக் கசக்கியது உண்மை. கண்ணில் விழுந்தது மல்லாட்டைத் தூசு.

சாயங்காலம் மச்சான் கையில் தூக்குவாளியோடு கொட்டகைக்குள் நுழைந்தார். தரையில் இலையைப் போட்டு, மேஸ்திரியை உட்காரவைத்து வடையை வைத்தார்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டா மாமா?"

"ஜாஸ்தியா வைக்காத மச்சான்" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி வாளியைக் காலிசெய்தார். இருவர் கண்களும் கலங்கியிருந்தன. பிறகு மேஸ்திரி வண்டிக்கு அடியில் புகுந்தார். மச்சான்தான் விளக்குப் பிடித்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் லேசாகத்தான் மிதித்தார். லாரி அடங்கி நின்றது.

அதன்பிறகு இருவரும் எந்த விருந்திலும் அடுத்தடுத்த இலையில்தான் உட்கார்ந்தார்கள். "உறவ சேத்து வச்ச மகராசன் இவரு" என்று ஊரெல்லாம் என்னைக் காட்டினார் மேஸ்திரி. என் லாரி ஓட வேண்டும் என்பதைத் தவிர அன்று என் மனத்தில் வேறெதுவும் இருக்கவில்லை. அதைச் சொல்ல எத்தனையோ முறை கொட்டகைவரை போனேன். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இன்று இருவருமே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் மேஸ்திரி கையிலிருந்த ஸ்பானரை என்மேல் வீசியிருப்பார். வீசட்டும். ஆள் இருந்தால் போதும் எனக்கு.