ஆறு துண்டு மன்னிப்பு

"மன்னிச்சுக்க" என்ற ஒரு சொல் வேலுமணியின் வாயில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

ஒரு மணி நேரமாக மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ராசிபுரத்தைச் சுற்றி எந்த விளம்பர ஆட்டோ போனாலும் அதில் கேட்பது அவர் குரல்தான். ஜவுளித் தள்ளுபடி, கோயில் விழா, இரங்கல் அறிவிப்பு எல்லாம் ஒரே மூச்சில் பேசுவார். இன்றைக்கு "மன்..." வரை வந்ததும் இருமல் வந்தது.

"தண்ணி குடிச்சுட்டுச் சொல்லுங்கண்ணா," என்றாள் ஜோதி. ஒலிப்பதிவுக் கூடம் அவளுடையது. பதினைந்து வருடமாக அவர் குரலை வெட்டி ஒட்டுகிறவள்.

"பழக்கமில்லீம்மா. நாக்கு திரும்ப மாட்டேங்குது."

திரும்பித்தான் ஆகவேண்டும். போன வாரம் கோயில் அன்னதானத்தில், "சாம்பார்ல உப்புத் தூக்கல். ஆக்குனது என்ற ஊட்டுக்காரி. எல்லாரும் பொறுத்துக்குங்க," என்று மைக்கில் தமாஷ் பண்ணிவிட்டார் மனுஷன். ஊரே சிரித்தது. மனைவி சௌந்திரம் அன்றைக்கே பெட்டியோடு பள்ளிபாளையத்தில் இருக்கும் அண்ணன் கதிர்வேல் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் வாயால் மன்னிப்புக் கேட்டு வாட்ஸாப்பில் அனுப்பினால்தான் திரும்புவாளாம். நாளை மறுநாள் மகள் இனியாவுக்கு நிச்சயதார்த்தம். பெற்றவள் இல்லாமல் வாழப்பாடிச் சம்பந்தியோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டு மாற்றுவது?

"ஏம்மா, என்ற குரல் உன்ற கம்ப்யூட்டர்ல மூட்டை மூட்டையாக் கெடக்குதே. அதுல இருந்து எடுத்து ஒட்டிக் குடு," என்றார்.

ஜோதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மௌஸை எடுத்தாள். பழைய கல்யாண அறிவிப்பில் "சௌந்திரம்" கிடைத்தது. இரங்கல் அறிவிப்பில் "ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்" கிடைத்தது. இரண்டையும் ஒட்டிக் கொடுத்தாள். அவர் உடனே சௌந்திரத்துக்கு அனுப்பினார். பின்னால் லேசாகப் பறைச் சத்தம் கேட்டதை அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தாவது நிமிடம் கதிர்வேல் கூப்பிட்டார். "மாப்ள, யாருங்க தவறிப்போனது? நாங்க மாலை வாங்கிட்டுக் கெளம்பிட்டோம்."

அவரைச் சமாதானப்படுத்தி மாலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதற்குள் வேலுமணிக்கு வேர்த்துவிட்டது.

"அன்னதானத்துல பொறுத்துக்குங்கன்னு சொன்னனே, அந்த ரிக்கார்டு உங்கிட்ட இருக்குதில்ல, அதை எடும்மா. இல்ல, நகரு, நானே எடுக்கறேன்."

அவரே மௌஸைப் பிடித்து அந்தச் சொல்லை வளைத்து இழுத்தார். இழுத்தது கொஞ்சம் அதிகம். "சௌந்திரம்... உப்புத் தூக்கல்... பொறுத்துக்குங்க," என்று போய்ச் சேர்ந்தது.

மறுபடி கதிர்வேல். "மாப்ள, மாலையத் திருப்பிக் குடுக்க வேண்டாமாட்ட இருக்குதுங்க. தங்கச்சி இருக்கற கோவத்துல உங்களுக்கே ஆகும்."

வேலுமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ இல்லாம ஒரு வாய்ச் சோறு எறங்கலம்மா. புள்ள மொகத்தைப் பாக்க முடியல. எப்படியாச்சும் ஒட்டிக் குடு."

ஜோதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தாள். சாலைப் பாதுகாப்பு விளம்பரத்திலிருந்து "தப்பு". கட்டில் கடை விளம்பரத்திலிருந்து "நம்ம ஊட்டுக்கு வாங்க". இப்படி ஆறு துண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, முன்பின் மாற்றி, மூச்சைச் சரிபண்ணினாள்.

"சௌந்திரம், நான் பேசினது தப்பு. பொறுத்துக்குங்க. நம்ம ஊட்டுக்கு வாங்க."

"நான் அவளை வாங்கன்னு கூப்பிட்டதே இல்லியேம்மா."

"இன்னைக்குக் கூப்பிடுங்க. ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டீங்க."

அனுப்பினார்கள். அரை மணி நேரம் பதில் இல்லை. வேலுமணி நகத்தைக் கடித்தபடி அறையை அளந்தார். கடைசியில் போன் மினுங்கியது. சௌந்திரத்தின் குரல்.

"உங்க பேச்சைக் கேட்டதும் மனசு ஆறிப்போச்சுங்க. என்ற மேலயும் தப்பு இருக்குது. மன்னிச்சுக்குங்க. காலையில வாரேன்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருமுறைக்கு நான்குமுறை போட்டுக் கேட்டார்.

"பாத்தியாம்மா? மன்னிச்சுக்குங்கன்னு எத்தனை சுளுவாச் சொல்லிப்போட்டா. இதுதான் மனசுல இருந்து வர்ற பேச்சு. ஒட்டுப்போட்டா இப்படி வருமா?"

ஜோதி அந்தப் பதிலை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டாள். திரையில் ஒலி அலையைப் பெரிதாக்கி அதன் ஓரமாகக் கண்ணை ஓட்டினாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணா, இதுவும் ஒட்டுப்போட்டதுதானுங்க, எட்டுத் துண்டு. ஆனா அக்கா நம்மளவிடச் சுத்தமா ஒட்ட வெச்சிருக்காங்க."