கப்பல் செய்தி வாசிப்பவர்

ஆவுடையப்பன் மனைவிக்குப் பயப்படாத ஆண். அந்தமான் தீவில் ஹட் பே ஜெட்டியில் தொடங்கி ஊர் முழுக்க விசாரித்தாலும் இதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி கிடைக்காது. ஆனால் அவர் சொல்வார். தினமும் சொல்வார். ஆபீஸ் விட்டதும் நேராகக் காலனி க்ளப்புக்குப் போய், கேரம் போர்டில் பவுடரைத் தூவிக்கொண்டே சொல்வார்.

அந்தப் பவுடர் குழந்தைக்கு வாங்கியது.

"ஏங்க, பாப்பா பவுடர் டப்பா போன வாரம்தானே பிரிச்சேன்? பாதி காணோம்."

"தீவுக் காத்துளா. உப்புக் காத்து எதையும் அரிச்சிரும்."

கேரமுக்கு நாலு பேர். ஆவுடையப்பன், பக்கத்து க்வார்ட்டர்ஸ் ஒச்சப்பன், அந்தமானிலேயே ரங்கத்தில் பிறந்து வளர்ந்த நந்தகுமார், தபால் ஆபீஸ் தினேஷ்குமார். இதில் தினேஷ்குமார் கொஞ்ச நாளாக வருவதில்லை. ஆபீஸ் விட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறார். ஏன் என்று கேட்டால், "வீட்டுல ஒரு பிரச்சினை" என்கிறார். மற்ற மூவரும் கூடி அவருக்குப் பொண்டாட்டிதாசன் என்று பட்டம் கொடுத்து, அவருடைய நாற்காலியில் தண்ணீர்க் கூஜாவை உட்கார வைத்துவிட்டார்கள்.

பானு தென்காசியிலிருந்து வந்தவள். அங்கே சூரியன் நிதானமாக விடைபெற்றுக்கொண்டு போகும். இங்கே ஐந்தரை மணிக்கே, யாரோ பின்னாலிருந்து துரத்துகிற மாதிரி, கடலுக்குள் குதித்துவிடும். உடனே இருட்டு. இருட்டியதும் கரண்ட் போகும். கரண்ட் போனதும் கடல் சத்தம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தகரக் கூரையில் எதுவோ ஓடும். கைக்குழந்தை ஹரிணி வீறிடும். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பானு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடப்பாள். ஆவுடையப்பன் எட்டரைக்கு வருவார், விரலெல்லாம் குழந்தை வாசனையோடு.

"ஏழு மணிக்குள்ளயாவது வந்துருங்களேன். தனியா இருக்கப் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"போன வாரம் பூமி ஆடுச்சுல்ல. பாத்திரமெல்லாம் கடகடன்னு..."

"பூமி ஆடினா நான் மட்டும் அதைப் பிடிச்சா நிறுத்தப் போறேன்?"

பதில் இல்லாத கேள்வி கேட்டுவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்பது ஆவுடையப்பனின் கட்சி. பானு கேட்பதை நிறுத்திவிட்டாள். மனைவி கேட்பதை நிறுத்தினால் சந்தோஷப்படக் கூடாது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு நாள் க்ளப்பில் ஆட்டம் சூடாக இருந்தபோது கரண்ட் போய், சிவப்புக் காய் எலி வளைக்குள் உருண்டுவிட்டது. ஆவுடையப்பன் அன்றைக்கு ஏழு மணிக்கே வீடு திரும்ப நேர்ந்தது. இருட்டு வீடு, அழுகிற குழந்தை, அழாத குறையாக ஒரு மனைவி. மூன்றையும் எதிர்பார்த்து, முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் பானு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கை. உதட்டில் சிரிப்பு. எதிரே சின்னதாக ஒரு பழைய ரேடியோ, பேட்டரி மூடி விழாமலிருக்கச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டது. அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், நல்லெண்ணெய் ஊற்றி நீவிவிட்ட மாதிரி வந்துகொண்டிருந்தது.

"ஹட் பே செல்லும் பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கடல் கொந்தளிப்பின் காரணமாக நாளைய கப்பல் ரத்து செய்யப்படுகிறது..."

"ஏளா, என்ன சிரிப்பு?"

"ஷ்ஷ்! அவர் பேசுறார்."

"பால் பொங்குது."

"பொங்கட்டும்."

ஆவுடையப்பன் அடுப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ்ப் பெண் ஒருத்தி, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லியும் எழுந்திருக்கவில்லை. உலகம் முடிகிறது என்று அர்த்தம். ஓடிப் போய் அவரே அடுப்பை அணைத்தார்.

"யாரு அந்த ஆளு?"

"கப்பல் செய்தி வாசிக்கிறவர். தினம் ஏழு மணிக்கு வருவார். ரத்துன்னு சொல்றப்ப கூட எவ்வளவு ஆறுதலாச் சொல்றார் பாருங்க!" உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலிலேயே தொடர்ந்தாள். "எனக்கு அவர்மேல ஒரு க்ரஷ்ங்க."

"என்னது?"

"க்ரஷ். பயப்படாதீங்க, லவ் இல்ல. லவ்வுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிக்கிறது. லவ்வுன்னா கல்யாணம் பண்ணணும், சட்டை துவைக்கணும், எட்டரை வரைக்கும் வாசலைப் பார்க்கணும். இதுக்கு ஒரு செலவும் இல்ல. எங்க கான்வென்ட்டுல ஆளுக்கு ஒண்ணு வச்சிருந்தோம்."

"இந்த ரேடியோ ஏது?"

"ப்ரியங்காக்கா வீட்டுல சும்மா கிடந்துச்சுன்னு குடுத்தாங்க."

ப்ரியங்கா, தினேஷ்குமாரின் மனைவி. ஆவுடையப்பன் அந்த நூலைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. பொறாமைப்படுகிறவனுக்குக் காது நீளும், கண் சுருங்கும்.

மறுநாள் க்ளப்பில் விஷயத்தைப் பொதுவாக வைத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல..." என்று ஆரம்பித்தார். யார் வீடு என்று இருவருக்கும் உடனே புரிந்தது.

"க்ரசா? அப்படின்னா?" என்றார் ஒச்சப்பன். "எங்க உசிலம்பட்டிப் பக்கம் பிடிச்சிருக்கும்பாக. அதுக்கு மேல போனா கிறுக்குப் பிடிச்சிருக்கும்பாக. நடுவுல ஒண்ணும் கிடையாது மாப்ள."

"அரே, இருக்கு பாய்!" என்றார் நந்தகுமார். அவர் பேச்சில் பாதி ஹிந்தி, மீதி போனில் பார்த்த வீடியோ. "பசந்த்னா பிடிக்கிறது, அது வேற. ப்யார் வேற. க்ரஷ் நடுவுல நிக்கும். அதோட சைக்காலஜி என்னன்னா, ஆளைத் தெரியாத வரைக்கும்தான் அது ஏறும். குரல் மட்டும் தெரியும். மூக்கு தெரியாது, தொப்பை தெரியாது, குறட்டை தெரியாது. தெரியாத இடத்தையெல்லாம் மனசு நல்லதா நல்லதாப் போட்டு ரொப்பிக்கும்."

"அப்போ நம்மகிட்ட ஏன் க்ரஷ் வர மாட்டேங்குது?"

"நம்மளைப் பத்தி இனி தெரிய வேண்டியது எதுவும் பாக்கி இல்ல பாய்."

ஒச்சப்பன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அந்த ஆளோட ஒரு போட்டோ காட்டு. பஸ், கதம், கதை முடிஞ்சுது," என்று மருந்து எழுதிக் கொடுத்தார் நந்தகுமார்.

ரேடியோ ஸ்டேஷன் இருக்கிற போர்ட் பிளேரில் ஆவுடையப்பனின் சித்தப்பா மகன் சுதாகர் இருந்தான். அவனைப் பிடித்து, அவன் யார் யாரையோ பிடித்து, ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எடுத்த படம் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு அப்பாடா என்று இருந்தது. ரிட்டயர் ஆகிற வயசு. வழுக்கை. கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு. தொப்பைமேல் ஒரு அப்பளத் துண்டு.

"இந்தா, உன் ஆளு," என்று போனை நீட்டினார்.

பானு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்பளத் துண்டையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"இந்த வயசுலயும் ஏழு மணின்னா டாண்ணு வந்துடுறார் பாருங்க."

அன்றிரவு சோறு இறங்கவில்லை. கையை அலம்பும்போது ஆவுடையப்பன் ஒரு பெரிய தீர்மானம் செய்தார். ஏழு மணிக்கு அவன் வருகிறானா? ஆறரைக்கு நான் வந்து நிற்கிறேன். என் வீட்டில் எனக்கு முன்னால் எவன் பேசுகிறான், பார்க்கலாம்.

வந்தார். காவல் காப்பதற்குத்தான் வந்தார். ஆனால் காவலுக்கு உட்கார்ந்தவன் கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற கையைக் கண்டால் வீடு சும்மா விடாது. முதல் நாள் அந்தக் கையில் குழந்தை வந்து உட்கார்ந்தது. அடுத்து ஒரு முறம் முருங்கைக்கீரை. "அவர் பேசி முடிக்கிற வரைக்கும் இதைக் கொஞ்சம் உருவுங்களேன்." அதற்கு அடுத்து, கொடியிலிருந்த துணி. மழை வருமா வராதா என்று அந்த ஆள்தான் சொன்னான். துணியை ஓடி எடுத்தது ஆவுடையப்பன்.

எதிரியை அவனுடைய ஆயுதத்தாலேயே அடிப்பது என்று, ஒரு நாள் ரேடியோவை அணைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மாவு புளித்துவிட்ட காரணத்தினால் இன்றைய தோசை ரத்து செய்யப்பட்டு..."

"குரல் நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் பானு, தீர விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவள் மாதிரி. "ஆனா அவர் 'பயணிகளின் பாதுகாப்பைக் கருதி'ன்னு சொல்றப்ப நம்மளையே கருதுற மாதிரி இருக்கும். உங்களுக்கு அந்த இடம்தான் வரலை."

அந்த இடம் வருவதற்காக அவர் உழைத்தார். குளிக்கும்போது கருதினார். ஆபீஸ் போகிற வழியில் கருதினார். வீட்டில் குழந்தையிடம் கருதிப் பார்த்தார். ஹரிணி அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள். பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். அதிலிருந்து அந்தக் குரலில் ரெண்டு கப்பலையாவது ரத்து செய்யாமல் அவள் தூங்குவதில்லை.

ஒரு மாலை, க்ரைப் வாட்டர் பாட்டிலோடு க்ளப் வழியாகப் போனபோது ஒச்சப்பன் ஜன்னலிலிருந்து கூவினார். "என்ன மாப்ள, நீயும் தினேஷு வழியா?"

"போங்கய்யா. நான் உளவு வேலையில இருக்கேன்," என்றார் ஆவுடையப்பன், நிற்காமல். மணி ஆறேமுக்கால்.

அன்றைக்குத்தான் மறுபடி பூமி ஆடியது. பெரிசாக ஒன்றுமில்லை. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, கரண்ட் போயிற்று. அடுக்களையிலிருந்து பானு ஓடி வந்து, தோளில் குழந்தையோடு நின்ற அவர் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆவுடையப்பனுக்கே பயம்தான். ஆனால் வாயிலிருந்து அந்தக் குரல்தான் வந்தது. "பயணிகள் அச்சப்பட வேண்டாம். பயணிகளின் பாதுகாப்பைக் கருதி..."

பூமி தானாக நின்றது. அவர் பிடித்து நிறுத்தவில்லை. ஆனால் பானுவின் பிடி தளர்ந்தது அதற்கு முன்னாலேயே. அதை அவர் கவனித்தார். அன்றைக்கு அந்த இடம் வந்துவிட்டது.

பிறகு சில நாளில் இன்னொன்றையும் கவனித்தார். ரேடியோவில் அந்த ஆள் உருகி உருகி வாசித்துக்கொண்டிருக்க, பானு சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. எழுப்ப மனசு வரவில்லை. ரேடியோவைக் காதருகே எடுத்து வைத்துக்கொண்டு, திக்லிபூர் கப்பல் கிளம்புமா என்று தானே கேட்டார். திக்லிபூரில் அவருக்கு யாரும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். ஏழுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆவுடையப்பன் மடியில் குழந்தையும், குழந்தை மடியில் ரேடியோவுமாக உட்கார்ந்திருந்தார். பால் அடுப்பில் இருந்தது. ஒச்சப்பனின் மனைவி ஒச்சம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தாள்.

"ஏத்தா பானு, அந்த ரேடியாவைக் குடு. உன் வேலை முடிஞ்சுருச்சுன்னு ப்ரியங்கா சொன்னுச்சு."

பானு கண்ணால் என்னென்னவோ சைகை காட்டினாள். ஒச்சம்மாவுக்குக் கண் சைகையெல்லாம் புரிகிற பொறுமை இல்லை.

"என்னத்தா கண்ணை உருட்டுற? எங்க வீட்டு மனுசன் ஒன்பது மணிக்கில்ல வருது! எனக்கும் அந்தக் க்ரசு ஒண்ணு போட்டு விடு. என்ன சொல்லணும், எந்த இடத்துல சிரிக்கணும், எல்லாம் சொல்லிக் குடுத்துரு. பால் பொங்கணும்னு ப்ரியங்கா சொன்னுச்சு. நெசமாவே பொங்க விடணுமா, சும்மா சொன்னாப் போதுமா?"

ஆவுடையப்பன் மெதுவாக நிமிர்ந்தார். ரப்பர் பேண்டைப் பார்த்தார். பானுவைப் பார்த்தார். தினேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு ஓடியது கண் முன்னால் வந்தது.

"அப்போ, தினேஷ் வீட்டுலயும்?"

"ம்," என்றாள் பானு, தரையைப் பார்த்து.

"ப்ரியங்காவுக்கும் க்ரஷ்ஷு?"

"ம்."

"இதே ஆள்மேலயா?"

"இங்க வேற ஸ்டேஷன் எடுக்காதுங்க."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. உள்ளங்காலில் புறப்பட்டு, முழங்காலைத் தாண்டி, ஜிவ்வென்று ஏறி வந்தது. உருவிய முருங்கைக்கீரை, ஓடி எடுத்த துணி, ரத்து செய்த கப்பல் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. இன்றைக்கு ரெண்டில் ஒன்று. மனைவிக்குப் பயப்படாத ஆண் யாரென்று இந்தக் காலனிக்கே தெரிந்தாக வேண்டும். விரலை நீட்டினார்.

"ஏளா, இன்னைக்கு நான் சொல்றதை நல்லா..."

மணி ஏழு. குழந்தை மடியில் ரேடியோ லேசாகக் கரகரத்து, தொண்டையைச் செருமியது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு.

நீட்டிய விரல் அப்படியே மடங்கி உதட்டுக்குப் போயிற்று.

"ஷ்ஷ்! அவர் பேசுறார்."

"ஏங்க, பால் பொங்குது!"

"பொங்கட்டும்."

ஒச்சம்மா அவரைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள். பிறகு பானுவின் காதருகே குனிந்து கவலையோடு கேட்டாள்:

"ஏத்தா, மருந்து கொஞ்சம் கூடிப் போச்சோ?"