கல்யாண நாளில் ஒரு பிரிவுப் பாட்டு

திருமூர்த்தி பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் அவனுடைய மேனேஜரின் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஹூஸ்டனை அடுத்த கேட்டி நகரில் ஹால் பிடித்து அவனுக்கும் மனைவி பவளத்துக்கும் இருபதாவது கல்யாண நாள் விழா. கரோக்கி வைக்கும் இனியன் அனுப்பிய 'சோல்' இசை வகைப் பழைய ஆங்கிலப் பாட்டை, தினமும் ஃப்ரீவேயில் காரோட்டியபடியே பழகி, உருகி உருகிப் பாடியிருந்தான். அரை நூற்றாண்டாக அமெரிக்காவில் காதல் முறிந்தவர்கள் அழுவதற்கென்றே வைத்திருக்கும் பாட்டு அது. அவனுக்குத்தான் தெரியாது.

"அப்பா, இட்ஸ் எ ப்ரேக்கப் சாங்! வைஃப் லீவ் பண்றா, ஹீ இஸ் பெக்கிங்!" என்றாள் மகள் ரக்ஷா.

"ட்யூன் நல்லா இருந்துச்சு கண்ணு. வார்த்தையை யாரு பார்த்தா? நம்மூர்ல காதுகுத்துக்கே சோகப் பாட்டுத்தான் போடுவாங்க."

ஷ்யாமளா ஆன்ட்டி வார்த்தையைப் பார்த்திருந்தாள். சாப்பாட்டு மேஜையருகே பவளத்தின் முதுகைத் தடவி, "தைரியமா இரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விட்டால் விடிவதற்குள் ஊர் முழுக்கச் சேர்ந்து இவர்களுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்துவிடும்.

திருமூர்த்தி மைக்கைப் பிடுங்கினான். "எங்க வீட்ல ஒரு பிரச்சினையும் இல்லைங்க! பவளம் எங்கயும் போகலைங்க!"

அதுவரை பாயசத்தில் கவனமாக இருந்தவர்களும் நிமிர்ந்தார்கள்.

வெங்கடாசலம் அங்கிள் மேடையேறி அவன் காதருகே குனிந்தார். "தம்பி, எனக்குத் தெரிஞ்ச மேரேஜ் கவுன்சிலர் ஒருத்தர் இருக்கார். தமிழ்லயே பேசுவார்."

மைக் அதையும் ஹால் முழுக்கச் சொன்னது.

இனி ஒரே வழிதான். ஓடிப்போய் மனைவியைக் கைப்பிடித்து மேடைக்கு இழுத்து வந்தான். தாலி கட்டிய அன்றைக்குப் பிறகு நாலு பேர் எதிரில் அவன் அந்தக் கையைத் தொட்டதில்லை. பவளத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஐயோ, விடுங்க என்னை!"

அதுவும் மைக்கில் போயிற்று. மேனேஜரின் மனைவி விம்மியே விட்டாள். பவளம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

திருமூர்த்தி இனியன்மேல் பாய்ந்தான். "ஏப்பா, நல்ல லவ் சாங்கா ஒண்ணு அனுப்புன்னுதானே கேட்டேன்? என் மானமே போச்சு!"

இனியன் ஒயரைச் சுருட்டியபடியே சொன்னான்: "செலக்ட் பண்ணினதே பவளம் ஆன்ட்டிதான் அங்கிள். 'என்னை விட்டுப் போயிடாதேன்னு அவர் வாயால ஒரு தடவையாவது கேக்கணும். அர்த்தம் தெரிஞ்சா பாடமாட்டார், சொல்லிடாதே'ன்னாங்க."