கோரைக்குப் பிடித்த குடை

எனக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் மொட்டைமாடிப் பூந்தொட்டி ஒன்று ஊருக்கே சொன்னது.

கொடைக்கானலுக்குப் போய் ஐரிஸ் பூவைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி வசந்தியின் நெடுநாள் ஆசை. நீலமும் ஊதாவும் சண்டை போட்டுச் சமாதானமான நிறம் அதற்கு. ஒரு பூவுக்காகவா இவ்வளவு தூரம், அடுத்த கல்யாண நாளுக்குள் ஆவடி சேக்காட்டில் நம் மாடியிலேயே பூக்க வைக்கிறேன் என்று சொல்லி, எடுத்த டிக்கெட்டையும் ரத்து செய்தேன். (கவிதை எழுதுகிறவனுக்குத் தோட்டக்கலை தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு.)

ஐரிஸ் விதை குளிர்காலத்தைப் பார்க்காமல் முளைக்காதாம். ஆவடியில் குளிர்காலம் ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்கிறது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஈர மணல் அள்ளி வந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் விதைகளைப் புதைத்து, காய்கறித் தட்டில் மூன்று மாதம் உறங்க வைத்தேன். கறிவேப்பிலை வெளியே கிடந்து வாடியது.

தை மாதம் மணலோடு தொட்டிக்கு மாற்றினேன். பச்சை எட்டிப் பார்த்தது, இரண்டு விதமாக. பளபளவென்று துள்ளி எழுந்த பெருங்கூட்டம் ஒன்று. மடித்த விசிறிபோலத் தட்டையாக, நோஞ்சானாக மூன்று நான்கு. நோஞ்சான்களைக் களையென்று பிடுங்கி எறிந்தேன். மற்றவற்றுக்கு மண்புழு உரம், மாலையில் கொஞ்சம் கவிதை. சித்திரை வெயிலுக்கு வசந்தியின் குடையை விரித்துக் கட்டினேன். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

கல்யாண நாளுக்கு இரண்டு நாள் முன்பு, தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த ஏழுமலை குடைக்கடியில் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், கோரைக்குக் கொடை புடிச்சிகினு கீறீங்க?"

ஒன்றைப் பிடுங்கி, வேரில் தொங்கிய குட்டிக் கிழங்கைக் காட்டினார். ஏரி மணலோடு வந்த விருந்தாளி.

வசந்தியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் என்னைப் பின்பக்கப் பால்கனிக்குக் கூட்டிப்போனாள். ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஓர் உடைந்த பக்கெட். அதில், விசிறி விரித்தாற்போல் ஒரு செடி.

"நீங்க தூக்கிப் போட்டதுல ஒண்ணு. பாவமா இருந்துச்சு."

அது இன்றுவரை பூக்கவில்லை. கொடைக்கானலுக்குப் போய்ப் பூவைப் பார்த்துவிட்டு வந்தோம். (டிக்கெட் அவள் எடுத்தது.)

இப்போதெல்லாம் ஜவுளிக்கடையில் இரண்டு புடவைகளை விரித்து, எது நன்றாக இருக்கிறது என்று என்னைத்தான் கேட்கிறாள். நான் நிதானமாக யோசித்து ஒன்றைத் தொடுவேன்.

"அண்ணே, அந்த இன்னொண்ணுக்குப் பில் போடுங்க" என்பாள்.